மறுபடியும் டயப்பர் மாட்டினேன்

டயப்பரை விட்டுவிட்ட பிள்ளைக்கு, மூன்று வயது நெருங்கும்போது மறுபடியும் டயப்பர் மாட்டிய அம்மா நான். "எங்க புள்ளைங்க எல்லாம் ஒரு வயசுலயே பழகிடுச்சு" என்று பெரிய நாத்தனார் ஒவ்வொரு விசேஷத்திலும் நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்டினார். நான் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன்.

உச்சா பழக்கியது பெரிய கதையில்லை. கோடையில் டயப்பரைக் கழற்றினேன். பருத்தி ஜட்டி ஒரு டஜன், மெத்தைக்கு ரப்பர் ஷீட், தரை துடைக்கப் பழைய லுங்கி. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், வெளியே கிளம்பும் முன்பும் பாத்ரூம். இரண்டு மணி நேரம் நனைக்காமல் இருக்க வேண்டும், ஜட்டியைத் தானே இறக்க வேண்டும், வருகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் வந்தால் ஆரம்பியுங்கள். ராத்திரி நனைப்பது தனிக் கணக்கு, ஐந்து வயது வரை அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

அடி விழுந்தது ஆய் விஷயத்தில். அடித்தது ப்ளே ஸ்கூல்.

டயப்பர் போடாத பிள்ளைகளைத்தான் சேர்ப்போம் என்பது அங்கே விதி. எப்போதாவது ஜட்டியில் ஆய் போய்விடுவான் என்று சேர்க்கும்போதே சொன்னேன். "நாங்க பாத்துக்குறோம் மேடம்" என்றார்கள். ஒருநாள் போய்விட்டான். உடனே கழுவிவிடாமல் வகுப்பு வாசலில் நிற்க வைத்து, மற்ற பிள்ளைகளை 'ஷேம் ஷேம்' சொல்லச் சொல்லியிருக்கிறார் மிஸ். ஆயாம்மா மனசு கேட்காமல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொறுப்பில் இருந்தவரிடம் போய்க் கேட்டேன். "அப்பத்தான் மேடம் கத்துப்பாங்க" என்றார்.

என் பிள்ளை கற்றது ஆயை அடக்குவதை. வரும்போதெல்லாம் சோபாவுக்குப் பின்னால் போய்க் காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் விறைத்து நிற்பான். முகம் சிவக்கும். பார்ப்பவர்கள் முக்குகிறான் என்று நினைப்பார்கள், அவன் அடக்கிக்கொண்டிருப்பான். அடக்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அது கல்லாகும். வெளியே வரும்போது ஆசனவாய் கிழிந்து ரத்தம் வரும். அந்த வலிக்குப் பயந்து அடுத்த முறை இன்னும் இறுக்கி அடக்குவான். நாளாக ஆக மலக்குடல் விரிந்துபோய், வருகிறது என்ற உணர்வே மங்கிவிடும். அப்புறம் கெட்டி மலத்தின் ஓரமாகத் தண்ணியாக ஜட்டியில் கசியும். அதைப் பேதி என்று நினைத்து மாமியார் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தார். உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம். கடையில் பேதியை நிறுத்தும் மருந்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது மலச்சிக்கல்.

வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வை, சோப்புத் துண்டு வை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஏற்கெனவே அந்த இடத்தில் வலியும் பயமுமாக இருக்கும் பிள்ளை. கிட்டே யாரையும் விடவில்லை.

குழந்தை மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். மலத்தை இளக்க லாக்டுலோஸ் எழுதித் தந்தார். "வலி மறந்து போற வரைக்கும் கக்கூஸ் பேச்சே எடுக்காதீங்கம்மா. டயப்பர்லயே போகட்டும்" என்றார். அன்று மாலையே மாட்டினேன். ஸ்கூலையும் நிறுத்தினேன். நாலு தடவை நன்றாகப் போய்விட்டான் என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். விரிந்த குடல் பழையபடி சுருங்க மாதக்கணக்காகும். பழக்கமாகிவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் சொல்லட்டும்.

நாத்தனாருக்கும் பதில் வைத்திருக்கிறேன். பெர்ரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், பிள்ளை தயாராகும் வரை காத்திருந்து பழக்க வேண்டும் என்று 1962இல் எழுதினார். அப்படிப் பழக்கிய 1,170 பிள்ளைகளின் கணக்கையும் அதில் கொடுத்திருந்தார். பகலில் பழகிய சராசரி வயது 28 மாதத்துக்கும் மேலே. ஒரு வயதில் பழகியது என்கிறார்களே, அங்கே பழகியது பெரியவர்கள்தான். காலை நீட்டிப் பிள்ளையை அதில் உட்கார வைத்து, நேரம் பார்த்து 'ஸ்ஸ்ஸ்' சொல்ல வீட்டில் நாள் முழுக்க ஓர் ஆள் இருந்தார். நல்ல பழக்கம்தான். ஒன்பது மணிக்கு ஆபீஸ் கிளம்புகிற நீங்களும் நானும் அதற்கு எங்கே போவது?

வலி மறந்து மறுபடி கக்கூஸில் உட்கார வைத்தபோது இரண்டே விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். காலைச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து நிமிடம், ஏனென்றால் வயிறு நிறைந்தால் பெருங்குடல் தானாக அசையும். அப்புறம், வெஸ்டர்ன் கக்கூஸில் கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது. காலடியில் ஸ்டூல் போட்டு முழங்கால் இடுப்பைவிட மேலே இருக்கும்படி உட்கார வைத்தால் மலம் சுலபமாக இறங்கும். பாலைக் குறைத்தேன், கொய்யா, பப்பாளி, கீரை, தண்ணீர் கூடியது. ஆய் தானாக வந்தது. வந்தபோது யாரும் கைதட்டக் கூடாது, வராதபோது முகம் சுளிக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஸ்கூல் பார்க்கப் போனால் சுவரில் வரைந்த மிக்கி மவுஸைக் காட்டுவார்கள். நீங்கள் கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை ஜட்டியில் போய்விட்டால் யார் கழுவிவிடுவார்கள், அப்போது பிள்ளையிடம் என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் பணம் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.