நெட்டையும் குட்டையும்: நெல்வயலில் மெண்டலின் விதி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. தாவரவியல்)

“விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?” என்பது நம் பழமொழி. ஓர் உயிர் தன்னைப் போன்ற உயிரையே தோற்றுவிக்கும் என்ற உண்மையை நம் முன்னோர் இதில் அடக்கிவிட்டனர். ஆயினும், நெட்டையான ஒரு நெற்செடியின் மணிகளை விதைத்தால் சில வேளைகளில் குட்டையும் முளைக்கிறதே, அது எப்படி? வகுப்பில் பட்டாணியைக் கொண்டு படிக்கும் பாடத்தை, நாஞ்சில் நாட்டு மாணவன் என்ற முறையில் நெல்லைக் கொண்டு விளக்க விழைகிறேன்.

நம் பாட்டன்மார் பயிரிட்ட நாட்டு நெல்வகைகள் பெரும்பாலும் உயரமானவை. உரம் மிகுதியாக இட்டால் மேலும் உயர்ந்து, கதிரின் பாரம் தாங்காமல் காற்றுக்கும் மழைக்கும் சாய்ந்துவிடும். என் பாட்டனார் பாட்டத்திற்குப் பயிர் செய்தவர். பயிர் சாய்ந்தாலும் பாட்டநெல் அளந்தே தீரவேண்டும். கதிர் முற்றும் நேரத்தில் வானம் இருண்டால் வீட்டில் யாருக்கும் உறக்கம் வராதாம்.

இக்குறைக்குத் தீர்வு பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. 1962இல் அங்கு பீட்டர் ஜென்னிங்ஸ் என்பவர், இந்தோனேசியாவின் ‘பேட்டா’ என்ற நெட்டை நெல்லையும், தைவானின் ‘டீ-ஜியோ-ஊ-ஜென்’ என்ற குட்டை நெல்லையும் கலந்தார். முதல் தலைமுறைச் செடிகள் அனைத்தும் நெட்டையாகவே வளர்ந்தன. குட்டைத் தன்மை அழிந்துவிட்டதா? இல்லை. அச்செடிகளின் மணிகளை விதைத்தபோது, இரண்டாம் தலைமுறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குட்டையாக நின்றது.

காரணம் யாது? ஒவ்வொரு பண்பிற்கும் ஒரு செடியில் இரண்டு ஜீன்கள் உள்ளன: தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. நெட்டை ஜீனை ‘நெ’ என்றும், குட்டை ஜீனை ‘கு’ என்றும் குறிப்போம். முதல் தலைமுறைச் செடி ஒவ்வொன்றும் ‘நெகு’. ‘நெ’ ஓங்கு ஜீன். ‘கு’ ஒடுங்கு ஜீன். ஆகவே ‘கு’ உள்ளே இருந்தும் வெளியே தெரியவில்லை. இச்செடியின் மகரந்தத்தில் பாதி ‘நெ’, பாதி ‘கு’, சூலிலும் அவ்வாறே. இவை சேரும்போது நெநெ, நெகு, குநெ, குகு என நான்கு வகை தோன்றும். முதல் மூன்றும் நெட்டை. கடைசி ஒன்றே குட்டை.

கிரிகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்விலும் இதுவே காணப்படுகிறது. இரண்டாம் தலைமுறையில் 787 செடிகள் நெட்டை, 277 குட்டை, அதாவது 2.84க்கு 1. சரியாக மூன்றுக்கு ஒன்று வராதது ஏன்? ஒவ்வொரு விதையும் தனித்தனியே காசு சுண்டுவது போன்றது. எண்ணிக்கை பெருகப் பெருகவே விகிதம் விதியை நெருங்கும்.

இதில் ஒரு நன்மையைக் கவனியுங்கள். நெட்டைச் செடியைப் பார்த்து அதனுள் ‘கு’ ஒளிந்திருக்கிறதா என்று சொல்ல இயலாது. குட்டையோ ‘குகு’ என்பது உறுதி. அதன் வழிவந்தவை குட்டையாகவே இருக்கும். அத்தகைய குட்டைகளிலிருந்து தேர்ந்து எடுக்கப்பட்டதே 1966இல் வெளியான ஐ.ஆர்.8. பின்னர் அதனையும் கட்டிச்சம்பாவையும் கலந்து, நம் மாவட்டத்துத் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் டி.பி.எஸ்.1 என்ற ரகத்தை உருவாக்கியது. இந்தக் குட்டை ஜீன் இன்னதென்று 2002இல் கண்டறிந்தனர். தண்டை நீளச் செய்யும் ஜிப்ரலின் என்ற ஹார்மோனின் உற்பத்தியை அது குறைக்கிறது. மெண்டலின் குட்டைப் பட்டாணியிலும் தடைபடுவது அதே ஹார்மோனின் உற்பத்திதான் என்பது வியப்பிற்குரியது!

மனிதரிலும் இவ்விதி செயற்படுகிறது. அரிவாள் செல் சோகை ஓர் ஒடுங்கு நோய். நலமாகத் தோன்றும் தாய் தந்தை இருவரிடமும் அந்த ஜீன் மறைந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்று எண்ணுவது தவறு. இருவரும் ஒவ்வொரு ஜீன் கொடுத்திருக்க, தாயை மட்டும் பழிப்பது அதனினும் தவறு. சொந்தத்தில் மணம் செய்வோரிடம் ஒரே ஜீன் இருபக்கமும் மறைந்திருக்கும் வாய்ப்பு மிகுதி என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆனால் எல்லாப் பண்புகளும் ஒரே ஜீனில் அடங்குவன அல்ல. குட்டை ஜீன் பயிரைச் சாயாமல் காக்கும். விளைச்சலுக்கு வேறு பல ஜீன்களும், நீரும் உரமும் உழைப்பும் வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். “படிப்பு நம்ம ரத்தத்தில் இல்லை” என்று உறவினர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நெல்மணியைக் கடித்துப் பார்த்தே வகையைச் சொன்னவர் என் பாட்டனார். அவரிடம் இல்லாதது அறிவன்று, பள்ளிக்கூடம். உரமும் நீரும் காணாத வயலைப் பார்த்து விதையைக் குறை கூறலாமா, நண்பர்களே?