ப்ரூவரியில் அண்ணன் நினைவாக நிதி திரட்டலாமா?

கேள்வி: என் அண்ணன் சியாட்டிலில் மென்பொருள் வேலையில் இருந்தார். சென்ற ஆண்டு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயால் இறந்துபோனார். வீட்டுக்குப் பக்கத்தில் பீர் காய்ச்சி விற்கும் சின்ன ப்ரூவரி ஒன்றில் வியாழன்தோறும் நண்பர்களோடு வினாடி வினா விளையாடுவார். கை கால் விளங்காமல் போன பிறகும் சக்கர நாற்காலியில் போய்வந்தார். அவர் பிறந்தநாள் மாலை விற்பனையில் ஒரு பங்கை நன்கொடையாகத் தருகிறேன் என்கிறார் ப்ரூவரிக்காரர். திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவோ, "எம் புள்ள பேரைச் சாராயக் கடையிலயா சொல்லணும்?" என்று அழுகிறார். நடத்தலாமா? சேரும் பணத்தில் பாதியை அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, சியாட்டில்

பதில்: நடத்துங்கள்.

அம்மாவின் கண்ணில் நிற்பது டாஸ்மாக் கடை. அவர் அழுவதில் தப்பே இல்லை. உங்கள் ஊர் ப்ரூவரி எப்படி இருக்கும் என்று அவருக்கு யாராவது சொல்லவேண்டும். பல ப்ரூவரிகளுக்குக் குழந்தை குட்டிகளோடு குடும்பமாக வருகிறார்கள். சமையலறை இல்லாத இடங்களில் வாசலிலேயே உணவு வண்டி நிற்கும். வீட்டில் கொடுக்கும் திதியில் அண்ணனுடைய வியாழக்கிழமைக் கூட்டாளிகளுக்கு இடம் கிடையாது. அவர்கள் கூடி அழவும் அவரைப் பற்றிப் பேசிச் சிரிக்கவும் அந்த மேசைதான் உண்டு. திதியை அம்மா சொல்கிறபடி தனியாகச் செய்யுங்கள். மாலை நிகழ்ச்சியை அவரிடம் மறைக்காதீர்கள். அண்ணனுக்குக் குடியால் துன்பம் இருந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

இப்படி நிதி திரட்டுவதற்கு உங்கள் மாநிலத்திலேயே முன்னோடி இருக்கிறது. அமெரிக்காவில் விளையும் ஹாப்ஸில் பெரும்பகுதி வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூதான் ஹாப்ஸ். அங்கே லாஃப்டஸ் ராஞ்சஸ் என்ற ஹாப்ஸ் பண்ணையை நடத்தும் குடும்பத்தையும் இந்த நோய் விடவில்லை. அவர்கள் 2013-இல் 'ஏல்ஸ் ஃபார் ஏ.எல்.எஸ்.' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். தனியாகக் கலந்த ஹாப்ஸை ப்ரூவரிகளுக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். அதில் காய்ச்சிய பீர் விற்கும்போது பைண்டுக்கு ஒரு டாலர், ஏ.எல்.எஸ். டி.டி.ஐ. என்ற ஆய்வு நிறுவனத்துக்குப் போகும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பைண்டுக்கு ஒரு டாலர் என்றால், 200 பைண்ட் விற்றாலும் 200 டாலர்தான். பணம் சேர்வது நேரடி நன்கொடையில். ஒவ்வொரு மேசையிலும் தொண்டு நிறுவனத்தின் க்யூ.ஆர். குறியீட்டை வையுங்கள். அதன் வழியே போகும் பணத்துக்கு ரசீது வரும், கொடுத்தவர் வரிக்கழிவும் கேட்கலாம். 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவருக்கு எழுத்துபூர்வமான ஒப்புகை கட்டாயம் வேண்டும். பீர் வாங்கியவருக்கு அந்தச் செலவில் கழிவு கிடையாது. அண்ணனோடு வேலை பார்த்தவர்களிடம், அவர்கள் நிறுவனம் இணைநிதி தருமா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் தன் அமெரிக்க ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு ஈடாக ஆண்டுக்கு 15,000 டாலர் வரை தானும் கொடுக்கிறது. வந்தவர்கள் விலையை எழுதிப் போடும் மௌன ஏலமும் நன்றாகப் போகும். ராஃபிள் என்ற குலுக்கல் சீட்டு மட்டும் நீங்களாக விற்காதீர்கள். சட்டத்தின் கண்ணில் அது சூதாட்டம். தகுதியுள்ள தொண்டு நிறுவனம்தான் நடத்த முடியும்.

அண்ணிக்குப் பாதி என்பதற்கு என் பதில், கூடாது. ஆராய்ச்சிக்கு என்று சொல்லி வாங்கிய பணம் முழுவதும் ஆராய்ச்சிக்கே போகவேண்டும். ஒரு குடும்பத்துக்குத் தரும் உதவி நல்லதுதான், ஆனால் அதற்கு வரிக்கழிவும் இல்லை, இணைநிதியும் வராது. ஒரே உண்டியலில் இரண்டையும் போட்டால் கணக்குக் கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியாது. சந்தேகம் கடைசியில் அண்ணி தலையில்தான் விழும். குடும்பத்துக்கு உதவி தேவையென்றால் வேறொரு நாளில், வேறொரு இணையப் பக்கத்தில், காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள்.

ப்ரூவரிக்காரரிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். எத்தனை சதவீதம், மொத்த விற்பனையிலா லாபத்திலா, எந்த நாளுக்குள் காசோலை, யார் பெயருக்கு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். காசோலை நேராகத் தொண்டு நிறுவனத்துக்கே போகட்டும், உங்கள் வங்கிக் கணக்குக்கு வரவேண்டாம். அந்த நிறுவனம் வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனத்துக்கான 501(சி)(3) தகுதி உள்ளதா என்பதை அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் தளத்திலேயே இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். குடிக்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ரூட் பீர், ஜிஞ்சர் பீர் இருக்கிறதா என்றும் கேட்டுவையுங்கள். கார் ஓட்டி வருபவர்களை யாரும் இன்னொரு கோப்பைக்கு வற்புறுத்தவேண்டாம்.

இத்தனைக்கும் முன்னால் அண்ணியிடம் பேசுங்கள். சுவரொட்டியில் அண்ணன் படம் வரலாமா, நோயைப் பற்றி மேடையில் சொல்லலாமா, குழந்தைகள் அன்று வருவார்களா என்பதெல்லாம் அவர் முடிவு. அவர் சரி என்ற பிறகு தேதியைக் குறியுங்கள்.