ஸ்டார்ட் ஆகாத பழைய செயின் சா: எங்கே தொடங்குவது?

மழைக்காலம் நெருங்கும்போது மெக்கானிக் கடைக்கு வந்து சேரும் பொருள்களில் ஒன்று, மாதக்கணக்கில் தோட்டத்து ஷெட்டில் கிடந்த மரம் அறுக்கும் மெஷின். "போன வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. இப்போ கயித்த இழுத்து இழுத்துக் கை ஓய்ஞ்சதுதான் மிச்சம்" என்பார் கொண்டுவந்தவர். அவருடைய அவசரம் நியாயமானது. 2016 டிசம்பரில் வர்தா, 2018 நவம்பரில் கஜா என்று புயல் அடித்த மறுநாள் காலையில், ஓடாத மெஷினால் யாருக்கும் பயனில்லை.

ஆர்எக்ஸ் 100, டிவிஎஸ் 50 பார்த்துப் பழகிய கைகளுக்கு இது புது வேலையே இல்லை. சாலையில் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் அருகிவிட்டன. ஆனால் செயின் சாவிலும் முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயரிலும் அந்த இன்ஜின் இன்னும் இருக்கிறது. அந்தத் தொழிலறிவுக்கும் மதிப்பு இருக்கிறது. ஒரே நிபந்தனை, வரிசையாகப் பார்க்க வேண்டும். செலவில்லாத சோதனை முதலில், அவிழ்க்கும் வேலை கடைசியில்.

முதலில் கேள்வி, பிறகு ஸ்பேனர்

மெஷின் எப்படி நின்றது என்று கேளுங்கள். நீண்ட நாள் சும்மா கிடந்து ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் பெட்ரோல் கோளாறு. அறுத்துக்கொண்டிருக்கும்போதே சக்தி இறங்கி நின்றுவிட்டது என்றால் பிஸ்டனைச் சந்தேகியுங்கள். சூடானதும் நின்று, ஆறிய பிறகு ஓடுகிறது என்றால் காயில் மேல் ஒரு கண் இருக்கட்டும். வேறு யாராவது ஏற்கெனவே அவிழ்த்தார்களா என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.

1. பெட்ரோல்

டேங்கில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். டேங்கில் ஃபில்டர் கிடப்பதும் அதே அடிப்பகுதியில்தான். பாட்டிலில் இரண்டு அடுக்காகத் தெரிந்தாலோ, பழைய வார்னிஷ் போல வாடை அடித்தாலோ, யோசிக்காமல் முழுவதையும் மாற்றுங்கள்.

புதுக் கலவையில் அளவு முக்கியம். மெஷினின் கையேடு 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்றாதீர்கள். பிறகு, வளைத்த கம்பியால் ஃபில்டரை வெளியே இழுத்து மாற்றுங்கள். ரப்பர் டியூபை மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். பழைய மெஷின்களின் டியூபை எத்தனால் சீக்கிரம் கெடுக்கிறது.

2. பிளக்

பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். பெட்ரோலில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் சோக் போட்டே பலமுறை இழுத்திருக்கிறார்கள். சுவிட்சை ஆஃப் செய்து, சோக்கை எடுத்து, பிளக் இல்லாமலே ஐந்தாறு முறை கயிற்றை இழுங்கள். உள்ளே தேங்கியது வெளியேறிவிடும். பல மெஷின்கள் இந்த இடத்திலேயே ஓடிவிடும். பலமுறை இழுத்தும் முனை உலர்ந்தே இருந்தால், இன்ஜினுக்குப் பெட்ரோல் போகவில்லை.

ஸ்பார்க் பார்க்க, முதலில் சிந்திய பெட்ரோலைத் துடைத்து விடுங்கள். சுவிட்சை மறுபடி ஆன் செய்து, பிளக்கைக் கேப்பில் மாட்டி, பிளக் துளையிலிருந்து தள்ளி, அதன் உலோகப் பகுதி இன்ஜினைத் தொடும்படி பிடித்துக் கயிற்றை இழுங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று அடிக்க வேண்டும். இடைவெளி பொதுவாக 0.5 மில்லிமீட்டர். சந்தேகம் என்றால் புதுப் பிளக் போட்டுவிடுங்கள்.

புதுப் பிளக்கிலும் ஸ்பார்க் இல்லையா? உடனே காயில் போச்சு என்று சொல்லிவிடாதீர்கள். ஆஃப் சுவிட்சுக்குப் போகும் வயரைக் காயிலிலிருந்து கழற்றி மறுபடி இழுத்துப் பாருங்கள். இப்போது ஸ்பார்க் வந்தால் கோளாறு சுவிட்சிலோ உரசிப்போன வயரிலோதான். ஒரு துண்டு வயரில் முடியும் வேலை. அதற்கும் வரவில்லை என்றால் ஃப்ளைவீல் காந்தத்தின் துருவைத் துடைத்து, காயிலுக்கும் காந்தத்துக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வையுங்கள். விசிட்டிங் கார்டு ஒன்றை இடையில் வைத்து இறுக்கினால் ஏறக்குறைய சரியாக வரும். அதன் பிறகும் இல்லை என்றால்தான் புதுக் காயில்.

3. கம்ப்ரஷன்

கேஜ் வைத்துப் பார்ப்பதே நல்லது. 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் கவலை இல்லை. 100-க்குக் கீழே இறங்கினால் ஸ்டார்ட் ஆவதே சிரமம். அப்போது சைலன்சரைக் கழற்றி, துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால், ஆயில் இல்லாத பெட்ரோலிலோ, பெட்ரோல் போதாமலோ ஓடிப் பிஸ்டன் பிடித்திருக்கிறது. இனி கார்புரேட்டரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் பலன் இல்லை. சைலன்சர் கையில் இருக்கும்போதே அதன் வலையில் படிந்த கரியையும் சுரண்டிவிடுங்கள். வலை அடைத்தாலும் இன்ஜின் திணறும்.

4. கார்புரேட்டர்

ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் சரி என்றால், கார்புரேட்டர் வாயில் சில சொட்டுக் கலவை விட்டு இழுங்கள். இரண்டு நொடி ஓடி நின்றால் தீர்ப்பு தெளிவு: பெட்ரோல் வரும் வழியில் தடை.

வண்டிக் கார்புரேட்டர் போல இதில் மிதவை கிடையாது. மெஷினை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதால் டயாஃப்ரம் வைத்திருக்கிறார்கள். அதை விரலால் தொட்டுப் பாருங்கள். துணி போல மெத்தென்று இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தாள் போல மொடமொடத்தால் அது ஊசியை அசைக்காது. ரிப்பேர் கிட் போடுங்கள். பெட்ரோல் நுழையும் இடத்தில் உள்ள சின்ன வலையையும் சுத்தம் செய்யுங்கள். எல், எச் ஸ்க்ரூக்களை அவிழ்க்கும் முன், எத்தனை சுற்று திறந்திருந்தன என்று எழுதி வையுங்கள்.

ஓடவிடும்போது

மெஷினைத் தரையில் வையுங்கள். செயின் பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடிக்குள் கால் நுனியை ஊன்றி இழுங்கள். ஒரு கையில் தொங்கவிட்டு இழுக்கும் பழக்கம் தொடையைக் கிழித்துவிடும். ஸ்டார்ட் ஆகி, ஆக்சிலரேட்டரை விட்ட பிறகு பிரேக்கை எடுங்கள். அந்த நிலையில் செயின் சுற்றவே கூடாது. சுற்றினால் ஐடிலைக் குறையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங்கைப் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் மெஷினை ஒப்படைக்காதீர்கள்.

கூலியும் பேச்சும்

சோதித்துப் பார்க்க இவ்வளவு, பாகத்துக்கு இவ்வளவு என்று முன்பே பிரித்துச் சொல்லுங்கள். மாற்றிய பாகத்தை வாடிக்கையாளர் கையிலேயே கொடுங்கள். சிலிண்டர் கீறிப்போய், பாகங்களின் விலை புது மெஷினை நெருங்கினால், "செலவு செய்யாதீங்கண்ணே" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அன்று ஒரு கூலி போகும், மனிதர் போகமாட்டார்.

மெஷினைத் தூக்கிக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்: ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லை என்றால் டேங்கைக் காலி செய்து, மீதிப் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைக்கச் சொல்லுங்கள். பழைய செயின் சாக்களில் பெரும்பகுதி தேய்ந்து கெடுவதில்லை; பெட்ரோலோடு சும்மா கிடந்துதான் கெடுகின்றன.