வழியறிதல்: செய்மதியும் தேசப்படமும்

புவியியல் ஆசிரியர் எழுதத்தக்க பொருளொன்றைத் தமிழாசிரியன் எடுத்துக்கொண்டது ஏன் எனப் பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். காரணம் வகுப்பறையிலே தோன்றியது. உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஆற்றுப்படை இலக்கியத்தின் இயல்பை விளக்கிக்கொண்டிருந்தேன். பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்ப்படுபவனுக்கு வழிகூறி ஆற்றுப்படுத்தும் முறையை எடுத்துரைத்தபோது மாணவன் ஒருவன் எழுந்தான். கையிலே தொலைபேசி ஒன்று இருந்திருப்பின் அவனுக்குப் பிறர் வழிகூற வேண்டிய தேவை இராதன்றோ எனக் கேட்டான். வகுப்பு நகைத்தது, நானும் நகைத்தேன். ஆயினும் வீடு திரும்பிய பின்னரும் அவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை. அன்று நான் கூறத் தவறிய விடையே இக்கட்டுரையாகும்.

செய்மதி கூறுவது

ஜீ.பி.எஸ். என நாம் வழங்கும் செய்மதி இடமறி முறை, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தால் 1973ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் முதலாவது செய்மதி 1978இல் ஏவப்பட்டது; 1995இல் அம்முறை முழுமை எய்தியது. படைத்துறைக்கென அமைந்த அதனைப் பொதுமக்களும் பயன்படுத்தினராயினும், அவர்கள் பெறும் சைகையில் 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அது நீங்கிய பின்னரே இக்கருவி வீதிப் பயணத்துக்கு உற்ற துணையாயிற்று. இன்று உருசியாவின் குளொனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ என்பனவும் உலகெங்கும் இப்பணியை ஆற்றுகின்றன. இந்தியாவும் தன் அயற்பகுதிக்கென நாவிக் என்னும் முறையை நிறுவியுள்ளது.

இம்முறை இயங்கும் வகை விளங்குதற்கு அரிதன்று. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில், நாளொன்றுக்கு இருமுறை பூமியை வலம்வரும் இச்செய்மதிகள் ஒவ்வொன்றும், தான் இருக்கும் இடத்தையும் அந்நேரத்தையும் வானொலி அலைகளால் இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கும். அச்சைகை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு, செய்மதி எவ்வளவு தொலைவிலுள்ளது எனக் கைக்கருவி கணிக்கின்றது. நான்கு செய்மதிகளின் சைகை கிடைப்பின், நாம் நிற்கும் இடமும் உயரமும் துணியப்படும். செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிழைத்தாலும் தூரத்தில் 300 மீற்றர் பிழை உண்டாகும். ஆதலின் செய்மதிகளில் அணுக்கடிகாரங்கள் பொருத்தப்பட்டுள்ளன. அக்கடிகாரங்களும், சார்புக் கொள்கை கூறுமாறு, நிலத்திலுள்ளவற்றினும் நாளொன்றுக்கு அத்தகைய 38 பங்கு முந்துகின்றன. அதனைத் திருத்தாது விடின் ஒரே நாளில் ஏறத்தாழ 11 கிலோமீற்றர் பிழை சேரும். இத்துணை நுட்பத்தின் பயனாகத் திறந்த வானின்கீழ் நிற்கும் ஒருவனின் கைத்தொலைபேசி, அவன் இடத்தை ஏறத்தாழ 5 மீற்றர் பிழைக்குள் காட்டிவிடுகின்றது.

ஆயின் இங்கு நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். செய்மதி கூறுவது "நீ இங்கு நிற்கின்றாய்" என்னும் ஒன்றையே. அவ்விடம் வீதியா, தேயிலை மலையா, பள்ளமா என்பதை அது அறியாது. அதனைக் கூறுவது தொலைபேசித் திரையில் விரியும் தேசப்படம். அப்படத்தை ஆக்கியவர் மனிதர். எனவே செய்மதிக்கும் தேசப்படத்துக்கும் போட்டி என்று நாம் கூறுவது பொருந்தாது. செய்மதி இன்றியும் தேசப்படம் பயன்தரும். தேசப்படம் இன்றிச் செய்மதி வழிகாட்டாது.

கடதாசிப் படம் கூறுவது

நம் நாட்டின் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி நிறுவப்பட்டது. சங்கிலியும் கோணமானியும் கொண்டு காட்டிலும் மேட்டிலும் நடந்து அளந்தோரின் உழைப்பினால், ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் ஓரங்குலப் படங்கள் 72 தாள்களாக வெளிவந்தன. பின்னர் 1:50,000 அளவுத்திட்டத்தில், இரண்டு சென்ரிமீற்றரை ஒரு கிலோமீற்றராகக் கொள்ளும் இடவிளக்கப் படங்கள் 92 தாள்களாக அமைந்தன. இத்தேசப்படங்களின் எறியத்துக்கு மூலத்தானமாகக் கொள்ளப்பட்டது நம் மாவட்டத்துப் பீதுருதாலகாலைச் சிகரமே. 2,524 மீற்றர் உயரமுள்ள அம்மலையின் உச்சியைக் கொண்டே இலங்கை முழுவதற்குமான படத்தின் கட்டங்கள் எண்ணப்பட்டன என்பது மலைநாட்டு மாணவர் அறிந்து மகிழத்தக்கதாகும்.

இப்படங்களின் சிறப்பு சமவுயரக் கோடுகளிலே உள்ளது. கோடுகள் நெருங்கின் செங்குத்து. அகன்றிருப்பின் சாய்வு மென்மை. தலவாக்கலையிலிருந்து நுவரெலியா செல்வோர் அறிந்த றதல்லைக் குறுக்குவீதியைக் கருதுக. தொலைபேசித் திரையில் அது தூரத்தைச் சுருக்கும் கோடு. சமவுயரக் கோடுகளோடு வைத்துப் பார்ப்பின் அது பெருஞ்சரிவு. 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி அவ்வீதியில் பேருந்து ஒன்று, வேன் ஒன்றுடனும் முச்சக்கரவண்டி ஒன்றுடனும் மோதி எழுவர் உயிரிழந்த துயரை நாம் மறந்திலோம். வழிகாட்டிக் கருவியால் அவ்விபத்து நேர்ந்தது என நான் கூறவில்லை. குறுகிய வழி நல்ல வழி அன்று என்பதை அறிதற்குச் சரிவை வாசிக்கும் கல்வி வேண்டும் என்றே கூறுகின்றேன்.

எனினும் கடதாசிப் படத்துக்கும் பெருங்குறை ஒன்றுண்டு. அது அச்சிட்ட நாளிலேயே நின்றுவிடும். பழைய ஓரங்குலப் படத்தில் கொத்மலை ஓயா நம் நகரருகே ஒரு நீலக் கோடாக ஓடுகின்றது. 2012ஆம் ஆண்டில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கிய பின்னர் அவ்விடத்தில் நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கின்றது. அப்பழைய தாளை மட்டும் நம்பி வருபவன் தண்ணீரைக் கண்டு திகைப்பான்.

இரண்டும் தவறும் இடம்

புதிய திரைப்படமோ என்றும் புதியதாகவே இருக்கும் எனச் சிலர் எண்ணுவர். அதுவும் தவறு. 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில், பரேலி மாவட்டத்திலே, மோட்டார் வண்டி ஒன்று முற்றுப்பெறாத பாலத்திலிருந்து இராமகங்கை ஆற்றில் வீழ்ந்து மூவர் மாண்டனர். அவர்கள் வழிகாட்டிச் செயலியைப் பின்பற்றிச் சென்றனர் எனச் செய்திகள் கூறின. பாலத்தின் ஒரு பகுதியை முன்னரே வெள்ளம் கொண்டுசென்றிருந்தது. அங்குச் செய்மதி பிழைக்கவில்லை. பாலம் இல்லை என்பதைப் படத்தில் எவரும் குறித்திலர்.

செய்மதிச் சைகைதானும் தளராத தன்மையுடையது அன்று. அது மிக மெலிந்த சைகை. ஒடுங்கிய பள்ளத்தாக்கிலும் மரச்செறிவிலும் வலுக்குன்றும். பாறைச் சுவரில் மோதித் திரும்பி வரின் இடத்தைப் பிழையாகக் காட்டும். அதனைப் பிறர் வேண்டுமென்றே குழப்புதலும் கூடும். இத்தகைய குறுக்கீட்டின் காரணமாகப் பின்லாந்து விமான நிறுவனம் 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் இறுதியில், எஸ்தோனியாவின் தார்த்து நகருக்கான சேவையை ஒரு மாத காலம் நிறுத்திவைத்தது. வானூர்திக்கே அந்நிலையாயின் நம் கைக்கருவியைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை.

நம் மலைநாட்டின் இடர் இவற்றினும் அண்மையானது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையால் மலைகள் சரிந்தன. வீதிகள் பல அற்றன. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் பல இடங்களில் நின்றன. அந்நாட்களில் திரையிலிருந்த வீதி நிலத்தில் இல்லை. மின்னேற்றம் தீர்ந்த கருவியில் திரையே இல்லை. எவ்வழி எஞ்சியுள்ளது, எந்தப் பாலம் நிற்கின்றது என்பதை அவ்வழி நடந்து வந்த மனிதரிடமே கேட்டறிய வேண்டியிருந்தது.

ஓர் இரவின் பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் மழைக்கால இரவொன்றில், எங்களுக்கு அயலிலுள்ள தோட்டமொன்றின் மேற்கணக்கிலே பெண்ணொருத்திக்குப் பிரசவ வேதனை கண்டது. நோயாளர் காவு வண்டிக்கு அறிவித்தோம். தொலைபேசி காட்டிய இடத்தையும் அனுப்பினோம். வண்டி விரைந்து வந்தது. ஆயின் அது வந்து நின்றது எதிர்ச்சரிவிலுள்ள பாதையின் முடிவிலே. விளக்கொளி எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. நேர்க்கோட்டில் முந்நூறு மீற்றருக்கு மேற்படாது. இடையிலோ பெருகியோடும் ஆறு, பாலமில்லை.

அத்தோட்டத்தில் முன்பு கொழுந்து லொறி ஓட்டிய முதியவர் ஒருவர் தொலைபேசியை வாங்கினார். "தம்பி, வந்த வழியே திரும்புங்கள். மாரியம்மன் கோயில் முடக்கில் இடப்பக்கம் ஏறுங்கள். கொழுந்து மடுவத்தைத் தாண்டினால் பிரட்டுக்களம், அங்கே விளக்கோடு நிற்கிறேன்" என்றார். வண்டி வந்துசேர்ந்தபோது நாற்பது நிமிடம் கழிந்திருந்தது. தாயும் சேயும் பிழைத்தனர் என்பது நம் நற்பேறு.

அன்று செய்மதி சொன்ன புள்ளி சரியானதே. ஆயின் கோயில் முடக்கும் மடுவமும் பிரட்டுக்களமும் எந்தத் திரையிலும் இல்லை. நம் தோட்டங்களுக்குத் துரைமார் இட்ட ஆங்கிலப் பெயர்கள் படத்திலே உண்டு. நம்மவர் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர்கள் இல்லை. லயங்கள் கரிய சிறு கோடுகளாக உள்ளன. அவற்றுக்கு எண்ணோ பெயரோ இல்லை. வீட்டுக்கெனத் தனி முகவரியின்றித் தோட்டத்தின் பெயருக்கே கடிதம் பெற்று வாழ்ந்த மக்களுக்கு இக்குறை புதியதன்று. முகவரி இல்லாதவனின் கடிதம் பிந்தியது. இன்று அவனைத் தேடிவரும் உதவியும் பிந்துகின்றது.

இனிச் செய்யத்தக்கது

வருங்காலத்தில் செய்மதி முறை மேலும் நுட்பமுறும். பல நாட்டுச் செய்மதிகளை ஒருங்கே பயன்படுத்தும் கருவிகள் இப்போதே எளியவர் கையிலும் உள்ளன. அதனை வெறுத்தல் அறிவுடைமை ஆகாது. பயணம் புறப்படுமுன் செல்லுமிடத்தின் படத்தைத் தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுதல் நன்று. செய்மதிச் சைகைக்குத் தொலைபேசித் தொடர்பு வேண்டுவதில்லை. படத்தைப் பெறுதற்கே அது வேண்டும். அவ்வாறே இடவிளக்கப் படத்தை வாசிக்கும் பயிற்சியையும் பரீட்சையோடு கைவிடலாகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆக்கியுள்ள மண்சரிவு அபாய வலயப் படங்களை விளங்கிக்கொள்ளுதற்கும் அப்பயிற்சியே அடிப்படையாகும்.

இவற்றினும் மேலாக நம் மாணவர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. ஒவ்வொருவரும் தாம் வாழும் கணக்கின் படத்தைத் தாமே வரைதல் வேண்டும். லயங்கள், கோயில், மடுவம், பாலம், வண்டி செல்லும் பாதை, நடந்தே செல்லத்தக்க பாதை, மழையில் நீர் பாயும் இடம், நிலம் வெடித்துள்ள இடம், இடர் வரின் ஒதுங்கத்தக்க மேடு ஆகிய அனைத்தையும் முதியோரிடம் கேட்டு, நம்மவர் வழங்கும் பெயராலேயே குறித்தல் வேண்டும். செய்மதி தரும் எண்களை ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே எழுதிக்கொள்ளலாம். பின்னர் அவற்றைத் திரைப் படங்களிலும் சேர்ப்பிக்கலாம். அப்படத்தின் பிரதியொன்று கல்லூரி நூலகத்திலும், ஒன்று தோட்டத்து மருந்தகத்திலும் இருத்தல் வேண்டும். நில அளவை, போக்குவரத்து, கணினி முதலிய துறைகளிற் பணிபுரியும் பழைய மாணவர் இதற்கு வழிகாட்டுவாராயின் அஃது இவ்விழா ஆண்டின் நிலையான பயனாகும்.

இனி அம்மாணவனின் வினாவுக்கு வருவோம். கூத்தராற்றுப்படை என்றும் பெயர்பெறும் மலைபடுகடாம் 583 அடிகளையுடையது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தனுக்கு வழிகூறுபவன், ஊர் இத்திசையில் உள்ளது என்று கூறி அமைந்தானல்லன். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடம், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வந்து வீழும் இடம், கால் வழுக்கும் இடம், உணவளித்து ஓம்புவோர் வாழும் இடம் ஆகிய அனைத்தையும் கூறுகின்றான். கூறமுடிந்தது ஏனெனில், அவன் அம்மலைவழியே நடந்து வந்தவன்.

தம்பி, நின் கையிலுள்ள கருவி நீ நிற்கும் இடத்தைக் கூறும். வழியை அதற்குக் கூற வேண்டியவன் நீயே. நம் மலைகளில் நடப்பவர் நாம். நாம் குறித்து வையாத வழியை எந்தச் செய்மதியும் பிறர்க்குக் காட்டப்போவதில்லை.