சீர், முறை, ஒழுங்கு

மருத்துவர் நாடியைத் தொட்டுப் பார்த்து, “துடிப்பு சீராக இல்லை” என்று கூறினால், நம்மில் பலர் அதனைத் “துடிப்பு வேகமாக இருக்கிறது” என்றே பொருள் கொள்கிறோம். இரண்டும் வெவ்வேறு செய்திகள்.

சீர் என்னும் சொல் துறைதோறும் பொருள் மாறுவது. யாப்பிலக்கணத்தில் அசைகள் சேர்ந்து அமைவது சீர். திருமண வீட்டில் மகளுக்குக் கொடுத்தனுப்புவதும் சீர். மருத்துவர் கூறும் சீர், தாளத்தோடு நெருங்கியது. எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தை விரைவாகவும் போடலாம், மெதுவாகவும் போடலாம். இடைவெளி ஒத்திருக்கும்வரை தாளம் தவறுவதில்லை. அதுபோலவே, ஓய்வில் நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை துடிப்பது வேகத்தின் அளவு. அடுத்தடுத்த துடிப்புகளின் இடைவெளி ஒத்திருப்பது சீர். இ.சி.ஜி. தாள் வழக்கமாக நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்வதால், அதில் ஒரு சிறு கட்டம் 0.04 நொடியைக் குறிக்கும். கூர்முனைகளுக்கு இடையே உள்ள கட்டங்களை எண்ணியே மருத்துவர் சீரை அளந்தறிகிறார்.

ஒழுங்கு எல்லாம் நலமன்று என்பதையும் இங்கே கூறவேண்டும். மலேரியாவுக்கு முறைக்காய்ச்சல் என்றொரு பெயர் உண்டு. அதன் ஒரு வகையில் 48 மணிக்கு ஒருமுறையும், மற்றொரு வகையில் 72 மணிக்கு ஒருமுறையும் காய்ச்சல் திரும்பி வரும். நோயே முறை வைத்து வருகிறது! அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்ட பொருளைப் படிகம் என்பர். சமையல் உப்பு அத்தகையது. பெரும்பாலான சிறுநீரகக் கற்களும், கீல்வாதத்தின் ஒரு வகையான கௌட் நோயில் மூட்டினுள் படியும் ஊசி போன்ற யூரேட்டும் படிகங்களே. அவற்றின் ஒழுங்கை அவற்றால் துன்புறுவோர் வியக்கமாட்டார்கள்.

ஒழுங்கின்மை எல்லாம் நோயுமன்று. மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு சற்று விரைவதும், வெளிவிடுகையில் தணிவதும் இளையோரிடம் இயல்பாகக் காணப்படும். இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொள்வதும் பலருக்கு உண்டு.

கவனிக்கவேண்டியது, எந்த வரிசைக்கும் அடங்காத துடிப்பு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் நிலையில் இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்குகின்றன. அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும். இந்நிலை உடையோர்க்கு அந்த ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. சிலருக்குப் படபடப்போ மூச்சிரைப்போ இருக்கும். சிலருக்கு ஓர் அறிகுறியும் இராது. ஆதலால் நாடியைத் தொட்டறியும் பழக்கம் பயனுடையது. ஐந்து நிமிடம் அமர்ந்து இளைப்பாறியபின், கட்டைவிரலின் அடிப்புறமாக மணிக்கட்டில் ஆட்காட்டிவிரலையும் நடுவிரலையும் வைத்து, ஒரு முழு நிமிடம் கவனியுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் வேகம் ஓரளவு தெரியும், சீர் தெரியாது. துடிப்பு தாறுமாறாக இருப்பின், அன்றைய தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மருத்துவரை அணுகுங்கள். அத்துடன் நெஞ்சுவலியோ மயக்கமோ, முகம் கோணுதலோ, கை தளர்தலோ, பேச்சுக் குழறலோ தோன்றினால் 108-ஐ உடனே அழைக்கவேண்டும்.

இந்நோய்க்காக வார்ஃபரின் உண்போரின் வீட்டில் ஒழுங்கே மருந்தின் ஒரு பகுதி. நாள்தோறும் ஒரே நேரத்தில் உண்ணவேண்டும். ஒரு வேளை தவறி, அன்றே நினைவு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். மறுநாளாகிவிட்டால் இரண்டு வேளை மருந்தைச் சேர்த்து விழுங்கலாகாது. தவறியதைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனையின்போது கூறுங்கள். “கீரையே ஆகாதாமே?” என்று பேணுவோர் அடிக்கடி கேட்கின்றனர். கீரையிலுள்ள வைட்டமின் கே இம்மருந்தின் வலுவைக் குறைப்பது உண்மை; எனினும் கீரையை அறவே விலக்கவேண்டியதில்லை. ஒரு வாரம் நாள்தோறும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒருநாளும் இல்லை என்பதே கூடாது. வழக்கமாக உண்ணும் அளவையே வாரந்தோறும் உண்டுவந்தால், மருத்துவர் அதற்கேற்ப மாத்திரையின் அளவை அமைத்துக்கொள்வார்.