எந்த வேலைக்கு எந்த மோட்டார்?

மட்டாஞ்சேரி கடைவீதியில் நம்மவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "சார், எத்தனை ஹெச்.பி. மோட்டார் போடலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "மெஷின் காலியாகக் கிளம்புமா, சுமையோடு கிளம்புமா?"

குதிரைத்திறன் என்பது ஓடும்போது உள்ள கணக்கு. நிற்கும் மெஷினைக் கிளப்புவது முறுக்குவிசை. 5 குதிரைத்திறன் மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடினால் முறுக்குவிசை சுமார் 2.5 கிலோகிராம்-மீட்டர். அதே 5 குதிரைத்திறன் 960 சுற்றில் என்றால் 3.7. விலையும் எடையும் கூடுவது இதனால்தான்.

அணில்கூண்டு வகை மோட்டாரை நேரடியாக இணைத்தால், கிளம்பும்போது முழுச்சுமை மின்னோட்டத்தைப்போல் சுமார் 6 மடங்கு இழுக்கும். அதைக் குறைக்க ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைக்கிறோம். மின்னோட்டம் மூன்றில் ஒன்றாகும். கூடவே முறுக்குவிசையும் மூன்றில் ஒன்றாகும்! இதை விற்பவர் பெரும்பாலும் சொல்வதில்லை.

மாவு மில்லில் கல்லைத் தளர்த்தி, தானியம் விடாமல் கிளப்புகிறோம், கவலையில்லை. தண்ணீர் இறைக்கும் சென்ட்ரிபியூகல் பம்ப்பும் சாதுவானது. வேகம் பாதியாக இருக்கையில் அதற்கு வேண்டிய முறுக்குவிசை கால்பங்குதான்.

கொப்பரை ஆட்டும் எக்ஸ்பெல்லர் அப்படியல்ல. ஓட்டத்தின் நடுவே கரண்ட் போனால் புண்ணாக்கு உள்ளே இறுகிவிடும். கரண்ட் வந்ததும் ஸ்டாரில் போட்டால் மோட்டார் உறுமும், சுற்றாது. இரண்டு மூன்று முறை முயன்றால் வைண்டிங் கடைக்காரருக்குத்தான் லாபம். உள்ளே இறுகியதை எடுத்துவிட்டுக் கிளப்ப வேண்டும். அது முடியாத இடத்தில், ரோட்டாரில் ரெசிஸ்டன்ஸ் சேர்க்கும் ஸ்லிப்-ரிங் மோட்டார் நல்லது.

இரயில் இன்ஜினுக்கும் இதே தொல்லை உண்டு. முழு வண்டியையும் நின்ற நிலையிலிருந்து இழுக்க வேண்டுமே! நான் வேலை பார்த்த காலத்தில் அகலப்பாதை இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில் டி.சி. சீரீஸ் மோட்டார்தான். கிளம்பும்போது அதன் பலமே பலம். ஆனால் சுமையில்லாமல் ஓடவிட்டால் வேகம் எல்லை மீறி மோட்டாரே சிதறும். ஆகவே பெல்ட் அறுந்துபோகக்கூடிய மெஷின்களுக்கு அது ஆகாது.

இப்போது புது இன்ஜின்களில் மூன்று பேஸ் மோட்டார். மின்னழுத்தத்தையும் அலைவெண்ணையும் சேர்த்து மாற்றி ஓட்டுகிறார்கள். அதே தத்துவத்தில் சிறு மில்களுக்கும் டிரைவ் கிடைக்கிறது. மின்னோட்டம் எகிறாமலே முழு முறுக்குவிசை தரும். இதோடு 'சாஃப்ட் ஸ்டார்ட்டரை'க் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அழுத்தத்தை மட்டும் குறைப்பது; அழுத்தம் பாதியானால் முறுக்குவிசை கால்பங்காகும். டிரைவ் வைத்தாலும் மெதுவான வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவதானால், மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். தனி விசிறி ஒன்று கேட்டு வாங்குங்கள்.