ஸ்பானிஷ் மொழியிலும் உண்டு 'விகாரம்'!



நான் ஸ்பானிஷ் மொழி படித்து வருகிறேன். அதில் எல்லோரையும் பயமுறுத்துவது, பகுதி மாறும் வினைச்சொற்களின் இறந்தகாலம். பயப்படாதீங்க! நாம் மார்க்குக்காகப் படிக்கும் பகுபத உறுப்பிலக்கணமே இதற்குப் போதும்.

'வந்தான்' = வா + த்(ந்) + த் + ஆன். இதில் 'வா' என்பது 'வ' எனக் குறுகியது விகாரம். வந்தேன், வந்தாய், வந்தான் என மூன்று இடங்களிலும் இப்படித்தான். ஸ்பானிஷில் இந்த விகாரம் படர்க்கையில் மட்டும்தான் வரும்!

ஸ்பானிஷ் வினைகள் ஆர், ஏர், இர் என்ற மூன்றில் ஒன்றில் முடியும்.

விதி 1: ஆர், ஏர் வினைகள் நிகழ்காலத்தில் பகுதி மாறினாலும் இறந்தகாலத்தில் மாறாது.
பென்சார் (நினை): பியென்சா – நினைக்கிறான்; பென்சோ – நினைத்தான்.
பெர்தேர் (இழ): பியெர்தே – இழக்கிறான், பெர்தியோ – இழந்தான்.

விதி 2: நிகழ்காலத்தில் பகுதி மாறும் இர் வினைகள், இறந்தகாலத்தில் படர்க்கையில் மட்டும் மாறும். எ, இ ஆகும். ஒ, உ ஆகும்.

தொர்மிர் (தூங்கு):
நான் – தொர்மி
நீ – தொர்மிஸ்தே
அவன், அவள் – துர்மியோ
நாங்கள் – தொர்மிமோஸ்
நீங்கள் (பலர்) – தொர்மிஸ்தெய்ஸ்
அவர்கள் – துர்மியேரோன்

('துர்' என்பதைத் 'துர்கை' போலச் சொல்லணும்.)

ஆறில் இரண்டுதான் மாறுது பாருங்க! பிரித்தால், துர்மியோ = தொர்ம் + இயோ. 'தொர்ம்', 'துர்ம்' ஆனது விகாரம். இதே போல பெதிர் (கேட்டு வாங்கு): பெதி – கேட்டேன், பிதியோ – கேட்டான். மொரிர் (இற): முரியோ – இறந்தான். 'தொன் கிஹோதே' நாவலை எழுதிய செர்வாந்தெஸ் 1616-இல் மத்ரித் நகரில் 'முரியோ'.

இந்த இரண்டு வடிவம் ஏன் அவ்வளவு முக்கியம்? நாம் பெரியவர்களை 'நீங்கள்' என்பது போல, அவர்கள் மரியாதைக்கு 'உஸ்தெத்' என்பார்கள். அதற்குப் படர்க்கை வினைதான் வரும். நண்பனிடம் "தொர்மிஸ்தே?" (தூங்கினாயா?) என்று கேட்கலாம். ஆசிரியரிடம் "துர்மியோ?" (தூங்கினீர்களா?) என்றுதான் கேட்கணும். அதாவது, விகாரம் தெரிந்தால்தான் மரியாதையாகப் பேச முடியும்!

ஒரு எச்சரிக்கை: போதேர் (இயலு) போன்ற சில வினைகள் இந்த விதிகளில் அடங்காது. பூதே (என்னால் முடிந்தது), பூதோ (அவனால் முடிந்தது) என நம்ம 'வா' மாதிரி எல்லா இடத்திலும் மாறும். அவற்றைத் தனியாகத்தான் மனப்பாடம் செய்யணும்.

முயன்று பாருங்கள்!
செர்பிர் (பரிமாறு) என்பது பெதிர் போன்ற வினை.
1. நான் பரிமாறினேன் – ?
2. அவள் பரிமாறினாள் – ?
3. அவர்கள் பரிமாறினார்கள் – ?
4. நான் இழந்தேன் (பெர்தேர்) – ?

விடைகள்: 1. செர்பி 2. சிர்பியோ 3. சிர்பியேரோன் 4. பெர்தி

நான்கும் சரியா? அப்படியானால் அடுத்த இலக்கண வகுப்பில் யாரும் தூங்க மாட்டீர்கள்.